வேலையைக் கொடுக்கும் முன் ஸ்கோப்பை எடைபோட ஐந்து வழிகள்: வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக்கு எது பொருந்தும்?

சிப்காட்டில் ஷெட் போடப் போகிறவரும், ஆம்பூரில் ஷூ யூனிட்டைப் பெரிதாக்குகிறவரும், வேலூரில் மருத்துவமனைக்குப் புது பிளாக் கட்டும் டிரஸ்ட்காரரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "டிராயிங் வந்துவிட்டது, எஸ்டிமேட்டும் வந்துவிட்டது. காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்துவிடலாமா? இன்னும் எதையாவது முடிவு செய்ய வேண்டியிருக்கிறதா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வழிகள் பல உண்டு. வங்கி கேட்கும் திட்ட அறிக்கையே போதும் என்பார் ஒருவர். எங்கள் செக்லிஸ்ட் இருக்கிறது என்பார் இன்னொருவர். படித்துவிட்டு வந்த மகனோ மருமகனோ பிடிஆர்ஐ (பிராஜெக்ட் டெஃபனிஷன் ரேட்டிங் இண்டெக்ஸ், ஸ்கோப் எவ்வளவு தெளிவு என்று புள்ளி போட்டு அளக்கும் முறை) என்று ஒன்றைச் சொல்வார். வங்கி மேலாளர், எஸ்டிமேட் எந்தக் கிளாஸ் என்று கேட்பார். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லலாம் என்பார் ஆடிட்டர். எதை எடுப்பது என்று தெரியாமல் நாள் போகிறது. ஆடிக்கு முன்னால் பூஜை போட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடியில் எதையுமே செய்யாமல் கடக்கால் எடுத்துவிடுகிறார்கள்.

ஸ்கோப் என்பது டிராயிங் மட்டும் இல்லை. எதை, எவ்வளவு உற்பத்தி செய்யப் போகிறோம், அதற்கு என்னென்ன கட்ட வேண்டும், யார் எந்த வரிசையில் செய்வார்கள் என்ற மூன்றும் சேர்ந்தது. மூன்றில் ஒன்று தொங்கினாலும் மற்ற இரண்டும் ஆட்டம் காணும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் 10 டன் ஈஓடி கிரேனுக்கு ஷெட்டை டிசைன் செய்தார்கள். பெடஸ்டல் கான்கிரீட் போட்டு ஆங்கர் போல்ட்டும் பதித்தாகிவிட்டது. அதன்பிறகுதான் 18 டன் எடையுள்ள பீஸ்களுக்கு ஆர்டர் வரப்போவது டிசைன் செய்தவர் காதுக்கு எட்டியது. 20 டன் கிரேன் என்றால் அதைத் தாங்கும் கேன்ட்ரி கர்டர், காலம், கீழே ஃபுட்டிங் எல்லாமே மாறும். போட்ட கான்கிரீட்டை உடைத்தார்கள். அந்த ஆர்டருக்கான விசாரணைக் கடிதம் பல மாதமாக அதே கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் மேஜையில்தான் கிடந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கிரேனைப் பற்றித் தன்னிடமும் கேட்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை.

நான் பார்த்த பெரிய எக்ஸ்ட்ரா பில்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். தகவல் வீட்டுக்குள்ளேயே இருக்கும், டிராயிங்குக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்காது. அதனால் எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, டிராயிங் அறைக்கு வெளியே இருப்பவர்களை அது பேச வைக்கிறதா என்பதைத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் அளவுகோல் மேலே சொன்னதே. உற்பத்தி மேலாளர், மெயின்டனன்ஸ் ஃபோர்மேன், எலக்ட்ரீஷியன், மார்க்கெட்டிங் ஆள், மருத்துவமனை என்றால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆகியோர் வாய் திறக்க இடம் இருக்கிறதா?

இரண்டாவது, பெரிய ஓட்டையையும் சின்ன ஓட்டையையும் பிரித்துக் காட்டுகிறதா? பெயின்ட் நிறம் முடிவாகாததும் கழிவுநீர் எங்கே போகும் என்பது முடிவாகாததும் ஒரே மாதிரி ஒரு டிக் பெட்டியாக நிற்கக் கூடாது.

மூன்றாவது, மதிப்பிடுகிறவருக்கு வேலை சீக்கிரம் தொடங்குவதில் ஆதாயம் உண்டா? நான்காவது செலவு. கட்டணத்தை மட்டும் சொல்லவில்லை, உங்கள் ஆட்களின் நேரமும் சேர்த்துத்தான். ஐந்தாவது, திட்டத்தின் எந்தக் கட்டத்தில் அது பலன் தரும் என்பது.

## வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை

கையில் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்பதால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். அறிக்கை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. கடன் திரும்ப வருமா, விற்பனை எவ்வளவு, வட்டி கட்டியபின் என்ன மிஞ்சும் என்பதே வங்கிக்குத் தேவை. கட்டிடத்துக்கு அதில் இருப்பது பெரும்பாலும் மொத்தச் சதுர அடியைச் சதுர அடி ரேட்டால் பெருக்கிய ஒரு தொகைதான். இயந்திரத்துக்குக் கொட்டேஷன் இணைத்திருப்பார்கள். அந்த இயந்திரத்துக்கு வேண்டிய ஃபவுண்டேஷன், கேபிள், கம்ப்ரஸர் லைன் எல்லாம் யார் கணக்கில் என்பதற்கு அறிக்கையில் பதில் கிடைக்காது.

அதைவிடப் பெரிய மறைவுச் செலவு ஒன்று உண்டு. அறிக்கையில் எழுதிய தொகையே கடன் தொகை ஆகிவிடுகிறது. பிறகு ஸ்கோப் தெளிவாகி உண்மைச் செலவு கூடும்போது அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் சொந்தப் பணத்தில் விழும். கூடுதல் கடனுக்கு மறுபடி போனால் மாதங்கள் ஓடிவிடும்.

ஏற்கெனவே ஓடுகிற ஷெட்டுக்குள் அதே மாதிரி இன்னும் இரண்டு இயந்திரம் போடுவதற்கு இது போதும். அதைத் தாண்டினால் போதாது.

## சொந்தச் செக்லிஸ்ட்

அனுபவம் உள்ள பிராஜெக்ட் எஞ்சினியர் எழுதி வைத்த நான்கு பக்கப் பட்டியலை நான் மதிக்கிறேன். நம் ஊருக்கே உரிய விஷயங்கள் அதில்தான் இருக்கும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஒத்துப்போகிறதா, மனையின் ஓரத்தில் நீர்வழிப் புறம்போக்கு ஓடுகிறதா, லாரி திரும்பத் தெரு அகலம் போதுமா என்று எந்த வெளிநாட்டுப் பட்டியலும் கேட்காது. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு, எந்த மனு எந்த அலுவலகத்துக்கு என்பதைக்கூட அதில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

மண் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் ஆழம் வரை மணல் வரும். மலையடிவாரத்தில் சில அடியிலேயே பாறை தட்டும். ஒரே மனையில் ஒரு மூலையில் மண்ணும் எதிர் மூலையில் பாறையும் இருப்பது உண்டு. மருத்துவமனையோ வீடுகளோ ஒட்டியிருந்தால் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வைத்தோ, துளையில் விரியும் கெமிக்கல் ஊற்றியோ பாறையைப் பிளக்க வேண்டும். சாதாரண மண் வெட்டும் ரேட்டோடு அதை ஒப்பிடவே முடியாது. "மண் பரிசோதனை ஆச்சா?" என்று மட்டும் செக்லிஸ்ட் கேட்டால், நடுவில் ஒரே ஒரு போர் போட்டுவிட்டு டிக் அடித்துவிடலாம்.

அதுதான் இந்த வழியின் குறை. ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுக்குள் "அரைகுறையாக முடிந்திருக்கிறது" என்பது மறைந்துவிடும். எது பெரியது, எது சின்னது என்ற எடையும் இல்லை. எழுதியவருக்குத் தெரியாத துறை பட்டியலில் இருக்காது. சிவில் எஞ்சினியர் எழுதிய பட்டியலில் எலக்ட்ரிகல் மூன்று வரியில் முடிந்துவிடுவதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். எழுதியவர் வேலையை விட்டுப் போனால் பட்டியலின் பாதி உயிரும் அவரோடு போய்விடும்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு, உதாரணமாக ஒரே காம்பவுண்டுக்குள் மூன்றாவது ஷூ அப்பர் யூனிட் போடுகிறவருக்கு, இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

## பிடிஆர்ஐ

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இயங்கும் கன்ஸ்ட்ரக்ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட் 1996இல் தொழிற்சாலைத் திட்டங்களுக்காக இதை வெளியிட்டது. பிறகு கட்டிடங்களுக்கும், சாலை, குழாய் போன்ற உள்கட்டமைப்புக்கும், சின்னத் தொழில் திட்டங்களுக்கும் தனித்தனிப் பதிப்பு வந்தது.

செய்முறை எளிது. தொழிற்சாலைப் பதிப்பில் 70 அம்சங்கள். ஒவ்வொன்றையும் குழுவாக உட்கார்ந்து படித்து 1 முதல் 5 வரை ஒரு நிலை கொடுக்க வேண்டும். 1 என்றால் முழுதாக முடிவாகிவிட்டது, 5 என்றால் ஒன்றுமே முடிவாகவில்லை. பொருந்தாதவற்றுக்கு 0. ஒவ்வொரு நிலைக்கும் எடைபோட்ட ஒரு புள்ளி உண்டு. மொத்தம் அதிகபட்சம் 1000. எண் குறையக் குறைய ஸ்கோப் தெளிவு. டீடெய்ல் டிசைனுக்கும் கட்டுமானத்துக்கும் பணம் ஒதுக்கும் நேரத்தில் 200 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த எடைதான். 1000இல் 499 புள்ளி, ஏன் கட்டுகிறோம், எதை, எவ்வளவு, எந்தத் தொழில்நுட்பத்தில் என்ற அடிப்படை முடிவுகளுக்குப் போகிறது. டிசைன் விவரங்களுக்கு 423. வேலையை நடத்தும் முறைக்கு 78 மட்டுமே. தனி அம்சங்களில் மிகக் கனமானது "என்ன பொருள் தயாரிக்கிறோம்" என்பது. அது முடிவாகாவிட்டால் 56 புள்ளி. உற்பத்தி அளவுக்கு 55, தொழில்நுட்பத்துக்கு 54. டிராயிங் கட்டுக்கட்டாக இருந்தும் ஸ்கோர் இறங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர்த் தோல் தொழிலில் இதை வைத்துப் பாருங்கள். "தோல் பதனிடும் யூனிட்" என்று மட்டும் முதலாளி எழுதிக் கொடுக்கிறார். பச்சைத் தோலிலிருந்து தொடங்கப் போகிறாரா, வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) வாங்கி ஃபினிஷிங் மட்டும் செய்யப் போகிறாரா? பச்சைத் தோல் என்றால் ஊறப்போடும் தண்ணீரிலேயே உப்பில் பெரும்பகுதி இறங்கும். அடுத்துச் சுண்ணாம்புத் தண்ணீர். அப்புறம் குரோம். டிரம் எண்ணிக்கை, தண்ணீர்த் தேவை, கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் அளவு, சேறு வைக்கும் இடம் எல்லாமே அந்த ஒரு பதிலில் தொங்குகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்களுக்கு ஒதுக்கிய அளவு போதுமா என்பதும் அதைப் பொறுத்ததே. கூட்டத்தில் மார்க்கெட்டிங் ஆள் "இப்போதைக்கு ஃபினிஷிங், இரண்டு வருஷத்தில் பச்சைத் தோலும்" என்று சொன்னால், அது 1 இல்லை. 3 அல்லது 4. அந்தப் பேச்சு நடப்பதற்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கிறது.

கழிவுநீரைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்க இந்த மண்ணில் யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பாலாற்றை முன்வைத்துத்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எந்த அளவு எழுதப்படுகிறதோ அதுவே உங்கள் ஆலையின் உச்சவரம்பு. ஸ்கோப் தெளிவில்லாமல் மனு போட்டால், பின்னால் உற்பத்தியைக் கூட்ட முடியாமல் நிற்பீர்கள்.

எந்தப் பதிப்பை எடுப்பது என்பதில் குழம்ப வேண்டாம். டிசைனை முன்னின்று நடத்துவது ப்ராசஸ், மெக்கானிகல் எஞ்சினியர் என்றால் தொழிற்சாலைப் பதிப்பு. ஆர்க்கிடெக்ட் என்றால் கட்டிடப் பதிப்பு. அதில் 64 அம்சங்கள், வேலையை நடத்தும் முறைக்கு 159 புள்ளி. ஓடிக்கொண்டிருக்கும் வார்டுக்குப் பக்கத்தில் புது பிளாக் கட்டும்போது, ஆக்சிஜன் லைனை எப்போது நிறுத்தி இணைப்பது, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பவை உயிர்ப் பிரச்சினை. அந்தக் கூடுதல் எடை சரியானதே. சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் என்றால் உள்கட்டமைப்புப் பதிப்பு. அங்கே 68 அம்சங்கள், நடத்தும் முறைக்கு 270 புள்ளி. சின்னத் தொழில் திட்டங்களுக்கு 41 அம்சங்களோடு 2015இல் வந்த பதிப்பு உண்டு. அதன் இலக்கு 300. முழுப் பதிப்பின் 200ஐ இதன்மேல் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மறைவுச் செலவுகளுக்கு வருகிறேன். முதல் தடவை ஒரு முழு நாள் போகும். அந்த நாளில் உற்பத்தி மேலாளரும் மெயின்டனன்ஸ் ஆளும் தளத்தில் இருக்க மாட்டார்கள். விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், யாராவது தமிழில் சொல்லிப் புரியவைத்தால்தான் ஃபோர்மேன் வாய் திறப்பார். அதற்கு முன்தயாரிப்பு வேண்டும். முதலாளி மேஜையின் தலைப்பில் உட்கார்ந்து "இதெல்லாம் ஆச்சு, ஒன்று போடுங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைய நாள் வீண். ஒவ்வொருவரும் முதலில் தன் எண்ணைத் தாளில் எழுதிவிட வேண்டும், முதலாளி கடைசியில் பேச வேண்டும். நடத்துகிறவர் அந்த டிசைனைச் செய்த கன்சல்டன்டாக இருக்கவே கூடாது.

இன்னொரு தவறான பழக்கம், முதல் கூட்டத்திலேயே 200ஐ எதிர்பார்ப்பது. சாத்தியக்கூறு பார்க்கும் கட்டத்தில் 600க்கு மேல் வருவது இயல்பு. அதைப் பார்த்து மிரண்டு எண்ணைத் திருத்தினால், பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது. எடைகளையும் உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். பட்டா, புறம்போக்கு, இசைவாணை, தீயணைப்புத் துறைச் சான்று போன்ற நம் ஊர் விஷயங்களைத் தனித்தாளில், முடிந்தது, முடியவில்லை என்று மட்டும் எழுதி இதோடு இணைத்துவிடுங்கள்.

## எஸ்டிமேட்டின் கிளாஸ்

செலவு மதிப்பீட்டாளர்களின் சர்வதேச அமைப்பான ஏஏசிஇயின் 18ஆர்-97 வழிகாட்டி எஸ்டிமேட்டுகளை ஐந்து கிளாஸாகப் பிரிக்கிறது. ப்ராசஸ் தொழிற்சாலைகளுக்கானது அது. கிளாஸ் 5 என்றால் திட்ட வரையறை 0 முதல் 2 சதவீதம் முதிர்ந்த நிலை. கிளாஸ் 3 என்றால் 10 முதல் 40 சதவீதம். பொதுவாகப் பட்ஜெட்டுக்கு அனுமதி கொடுப்பது கிளாஸ் 3இல். அப்போதும் உண்மைச் செலவு எஸ்டிமேட்டைவிட 10 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்ற வீச்சை அது ஒப்புக்கொள்கிறது. கிளாஸ் 5இல் அந்தக் கூடுதல் 100 சதவீதம் வரைகூடப் போகலாம்.

பணத்தின் மொழியில் பேசுவது இதன் பலம். பங்குதாரர்களிடமும் வங்கியிடமும் "இந்த எஸ்டிமேட் கிளாஸ் 4தான், இதை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யாதீர்கள்" என்று சொன்னால் உடனே புரியும். கன்டின்ஜென்சி, அதாவது எதிர்பாராத செலவுக்கான ஒதுக்கீடு, எவ்வளவு வைப்பது என்பதற்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும். சதுர அடி ரேட்டில் போட்ட கணக்கை ரூபாய், பைசா வரை எழுதிக் கொடுத்து ஏமாற்ற முடியாது.

ஆனால் இது தாள் இருக்கிறதா என்று பார்க்கும், தாளில் இருப்பது சரியா என்று பார்க்காது. அந்த 10 டன் கிரேன் ஷெட்டின் டிராயிங் எல்லாம் முழுதாக இருந்தன. கிளாஸ் அளவில் குறையே சொல்லியிருக்க முடியாது. நல்ல எஸ்டிமேட்டர் இல்லாமல் கிளாஸ் எண்ணை மட்டும் அட்டையில் அச்சடிப்பதும் நடக்கிறது. பிடிஆர்ஐக்குப் பக்கத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

## வெளி ஆள் ஆய்வு

டிசைனிலும் காண்ட்ராக்டிலும் சம்பந்தமில்லாத மூத்த எஞ்சினியர் ஒருவரையோ இருவரையோ அழைத்து, காகிதங்களைப் படிக்கச் சொல்லி, சைட்டைக் காட்டி, ஆட்களோடு தனித்தனியே பேசச் சொல்வது. ராணிப்பேட்டையில் பெல் பாய்லர் துணைக்கருவி ஆலை இருப்பதால் பெரிய திட்டங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள். இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

அண்ணன் தம்பி பங்காளிகளாக இருக்கும் கம்பெனிகளிலும், பல டிரஸ்டிகள் உள்ள நிறுவனங்களிலும் இதற்கு ஈடு இல்லை. அண்ணனிடம் சொல்ல முடியாததை வெளி ஆள் சொல்லிவிடுவார். ஃபோர்மேனும் அவரிடம் மனம்விட்டுப் பேசுவார். கட்டணம் வெளிப்படையாகத் தெரிகிற செலவு. மறைந்திருப்பது காலம். எல்லாம் முடிவான பிறகு, காண்ட்ராக்டருக்கு வாய்வார்த்தை கொடுத்த பிறகு அவரை அழைப்பதுதான் வழக்கம். அப்போது அவர் என்ன சொன்னாலும் யாரும் பின்வாங்க மாட்டார்கள். கிளம்பிப் போகும்போது அவர் அறிவும் அவரோடு போகும். உங்கள் ஆட்கள் கற்றுக்கொள்வது குறைவு.

## ஒரே பார்வையில்

| வழி | யார் பேசுகிறார்கள் | மறைவுச் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| வங்கித் திட்ட அறிக்கை | ஆடிட்டர், முதலாளி | தப்பான தொகை கடனில் உறைந்துவிடும் | இருக்கும் ஷெட்டில் கூடுதல் இயந்திரம் |
| சொந்தச் செக்லிஸ்ட் | எழுதிய எஞ்சினியர் | அரைகுறை நிலை "ஆச்சு" என்று பதிவாகும் | பழகிய கட்டிடம், அதே காம்பவுண்டு |
| பிடிஆர்ஐ | எல்லாத் துறை ஆட்களும் | ஒரு நாள் வேலை இழப்பு, தமிழில் விளக்கும் தயாரிப்பு | புதுப் பொருள், புது மனை, கழிவுநீர் உள்ள தொழில், மருத்துவமனை |
| எஸ்டிமேட் கிளாஸ் | எஸ்டிமேட்டர் | தாள் இருந்தால் போதும் என்ற நினைப்பு | கடன் தொகை, கன்டின்ஜென்சி முடிவு |
| வெளி ஆள் ஆய்வு | தனித்தனியே எல்லாரும் | தாமதமாக அழைத்தால் பயனில்லை | பங்காளிக் கம்பெனி, டிரஸ்ட் |

## நான் சொல்வது

புது மனை, புதுப் பொருள், புதுத் தொழில்நுட்பம், கழிவுநீர் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் பிடிஆர்ஐ கூட்டம் போடுங்கள். தொழிற்சாலை சின்னது என்றால் 41 அம்சப் பதிப்பு போதும். தோல், ரசாயனம், பாய்லர் என்று வந்துவிட்டால் பண மதிப்பு குறைவாக இருந்தாலும் 70 அம்சத்தையும் எடுங்கள். நான்கில் எதுவுமே இல்லையென்றால் உங்கள் செக்லிஸ்ட் போதும். அதில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்தை 1 முதல் 5 என்று மாற்றிக்கொண்டாலே பாதி நன்மை கிடைத்துவிடும்.

கூட்டத்தை இரண்டு முறை வையுங்கள். முதலாவது வங்கிக்குப் போகும் முன்னால், என்ன பொருள், எவ்வளவு, எந்த மனை என்ற அடிப்படைக் கேள்விகளுக்கு மட்டும். இரண்டாவது டெண்டருக்கு முன்னால், முழுதாக. எஸ்டிமேட்டின் கிளாஸை இரண்டாவது கூட்டத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கோர் 450, எஸ்டிமேட் கிளாஸ் 2 என்று வந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பெரும்பாலும் அது எஸ்டிமேட்தான். பங்காளிகள் ஒத்துப்போகாத இடமாக இருந்தால், வெளி ஆளையே அந்தக் கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். ஆய்வும் கூட்டமும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் 4, 5 வாங்கிய அம்சங்களை மட்டும் தனித்தாளில் எழுதி, எதிரே ஆள் பெயரும் தேதியும் போட்டு, பூஜைத் தேதி குறிக்கும் முன்னால் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொருள், அளவு, மனை, கழிவுநீர் ஆகிய நான்கில் ஒன்று அந்தத் தாளில் இன்னும் அடிக்கப்படாமல் நின்றால், ஆடி கழிந்து ஆவணியில் கடக்கால் எடுங்கள்.